நோயாளி பேசும் தமிழ், கேஸ் ஷீட்டில் எழுதும் ஆங்கிலம்: முதல் வருட நர்சிங் மாணவர்களுக்கு

“சிஸ்டர், நெஞ்சு கரிக்குது.”

அறுபது வயது தாண்டிய ஒருவர், நெஞ்சும் வயிறும் சேரும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் நீங்கள் கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவீர்கள்? உங்கள் பையில் இருக்கும் தடிப் புத்தகத்தில் ‘கரிக்குது’ என்ற சொல்லே கிடையாது. ஹார்ட்பர்ன் (நெஞ்செரிச்சல்) இருக்கிறது, டிஸ்பெப்சியா (அஜீரணம்) இருக்கிறது, ஆஞ்சைனா (இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) இருக்கிறது. பெரியவர் சொன்ன அந்த ஒரு சொல் இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம், இன்னொன்றுக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். அவரைக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார வைத்துவிட்டு (நிஜ வார்டில் அப்படிச் செய்யக்கூடாது) விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வருடம் வந்து சேரும் பிள்ளைகள் பலர் தமிழ் மீடியம். ஃபண்டமென்டல்ஸ் புத்தகத்தைத் திறந்ததும் பக்கத்துக்கு இருபது புதுச் சொல், பாதி லத்தீன், மீதி கிரேக்கம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மனப்பாடம் செய்வார்கள், காலையில் வார்டுக்குப் போனால் அந்தச் சொற்களில் ஒன்றைக்கூட நோயாளி சொல்ல மாட்டார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: ஒவ்வொரு சொல்லுக்கும் நோட்டில் மூன்று விஷயம் எழுதுவது. இதை நோயாளி எப்படிச் சொல்வார், நாம் எப்படி எழுதுவோம், இதைக் கேட்டதும் என் கை எதைத் தொட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம், கை எதையும் தொடாத சொல் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகும்.

முதலில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு ஜோடி. சிம்ப்டம் என்பது நோயாளிக்கு மட்டும் தெரிவது, சைன் என்பது நமக்கும் தெரிவது. வலி சிம்ப்டம், வீக்கம் சைன். குமட்டல் சிம்ப்டம், வாந்தி சைன். இதையே சப்ஜெக்டிவ் டேட்டா, ஆப்ஜெக்டிவ் டேட்டா என்றும் சொல்வார்கள். சப்ஜெக்டிவ் விஷயத்தை எழுதும்போது நோயாளி சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுத வேண்டும், நம் தீர்ப்பை அதில் கலக்கக்கூடாது. ‘வலி இருப்பது போல் நடிக்கிறார்’ என்று ஒரு மாணவி எழுதி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். வலி எவ்வளவு என்று அவரையே 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொல்லி, அந்த எண்ணை எழுதினால் போதும். நடிப்பா இல்லையா என்று பார்ப்பது நம் வேலை இல்லை.

சரி, நம் ஊர்ச் சொற்களிலேயே மிகவும் ஏமாற்றுவது எது தெரியுமா? ‘மயக்கம்.’ தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம், விழுந்து ஒரு நிமிடம் நினைவு தப்பினாலும் மயக்கம், மூன்று நாளாகக் கண் திறக்காமல் கிடந்தாலும் மயக்கம், ஆபரேஷனுக்கு மருந்து கொடுத்தால் அதுவும் மயக்கம். புத்தகத்தில் இவை வெர்டிகோ, கிட்டினஸ், சின்கோப், அன்கான்ஷியஸ், அனஸ்தீசியா என்று தனித்தனி அத்தியாயங்கள். அதனால் ‘மயக்கம் வருது’ என்று யாராவது சொன்னால் உடனே பேனாவை எடுக்காதீர்கள். ரூமே சுத்துற மாதிரி இருக்கா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வருதா? படுத்திருந்தவர் எழுந்தபோது வந்ததா? விழுந்தாரா, விழுந்தது அவருக்கே ஞாபகம் இருக்கிறதா, இல்லை பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியுமா? இந்த நாலு கேள்வியில் ஐந்து அத்தியாயமும் பிரிந்துவிடும். எழுந்ததும் வருகிறது என்றால் படுக்க வைத்து ஒரு பிபி, நிற்க வைத்து ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு பிபி. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதன் பெயர் ஆர்த்தோஸ்டாட்டிக் ஹைப்போடென்ஷன். இவ்வளவு பெரிய சொல்லுக்கு இவ்வளவுதான் அர்த்தம்.

இதே மாதிரி இன்னொன்று, ‘நீர் பிரியல.’ இதற்குள் இரண்டு நேரெதிரான விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை நிறைந்து வெளியே வர முடியாமல் தவித்தால் ரிடென்ஷன். சிறுநீரகம் சிறுநீரையே உண்டாக்கவில்லை என்றால் அனூரியா, கொஞ்சமாக உண்டாக்கினால் ஒலிகூரியா. முதலாவதில் அடிவயிறு பந்து மாதிரி புடைத்திருக்கும், தொட்டாலே முகம் சுளிப்பார். இரண்டாவதில் அடிவயிறு மெத்தென்று இருக்கும், அவருக்கு அவஸ்தையே இல்லாமல்கூட இருக்கலாம், ஆனால் ஆபத்து அங்கேதான் அதிகம். ஆகவே அந்த வாக்கியத்தைக் கேட்டதும் கை போக வேண்டிய இடம் தொப்புளுக்குக் கீழே. கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) டிரேயை எடுக்க ஓடுவது அதற்கு அப்புறம்.

‘சளி’யும் லேசுப்பட்டதில்லை. மூக்கில் ஒழுகுவதும் சளி, நெஞ்சில் கட்டியதும் சளி. காசநோய்ப் பரிசோதனைக்கு டப்பாவைக் கையில் கொடுத்து ‘சளி எடுத்து வையுங்க’ என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொடுப்பார்கள், லேபில் அது செல்லாது. ‘வாயைக் கொப்பளிச்சிட்டு, நல்லா மூச்சை உள்ள இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுங்க’ என்று சொல்ல வேண்டும். ஸ்ப்யூட்டம் என்ற சொல்லுக்கு நான் வைத்திருக்கும் விளக்கம் இந்த வாக்கியம்தான்.

சில சமயம் நோயாளியே புத்தக விளக்கத்தை அப்படியே சொல்லிவிடுவார், நாம்தான் கவனிக்க மாட்டோம். ‘படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தா பரவால்ல, மூணு தலகாணி வெச்சுத்தான் தூங்குறேன்.’ இதுதான் ஆர்த்தாப்னியா. டாக்டர் ரவுண்ட்ஸில் எத்தனை தலையணை என்று கேட்பதும் இதற்காகத்தான், போன வாரம் ஒன்று இந்த வாரம் மூன்று என்றால் இதயம் தளர்ந்துகொண்டு வருகிறது என்று சந்தேகப்பட இடமுண்டு. அவரை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஆக்ஸிஜன் தேட ஓடாதீர்கள், முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்குங்கள். தலைப்பக்கம் 45 முதல் 60 டிகிரி வரை உயர்த்திய நிலைதான் ஃபௌலர்ஸ் பொசிஷன். ‘தார் மாதிரி கறுப்பா போகுது’ என்பது மெலீனா, வயிற்றுக்குள் மேல்பகுதியில் எங்கோ இரத்தம் கசிகிறது. ஆனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கும் மலம் கறுப்பாகத்தான் போகும், அதை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நீர்க்கடுப்பு டிசூரியா, மூச்சு வாங்குவது டிஸ்னியா, படபடப்பு பால்பிடேஷன்.

கவனித்தீர்களா, டிசூரியாவிலும் டிஸ்னியாவிலும் முன்னால் அதே ‘டிஸ்’. கஷ்டம், கோளாறு என்று அர்த்தம். இந்தச் சொற்கள் நம்முடைய கூட்டுச்சொல் மாதிரிதான், பிரித்தால் பயம் போய்விடும். டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு. ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு. ஐட்டிஸ் வந்தால் அழற்சி, ஈமியா வந்தால் இரத்தத்தில், ஊரியா வந்தால் சிறுநீரில். எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிட்டார்கள், ஆட்டமி என்றால் வெட்டித் திறந்தார்கள், ஆஸ்டமி என்றால் திறந்து ஒரு வழி வைத்துவிட்டார்கள். அப்பெண்டிசெக்டமி ஆனவருக்குக் குடல்வால் இல்லை. கொலாஸ்டமி ஆனவருக்கு வயிற்றில் ஒரு பை மாட்டியிருக்கும். ஒரு முப்பது துண்டுகளைக் கற்றுக்கொண்டால் முந்நூறு சொல் தானாக வந்துவிடும், அதற்கு மேல் இதில் பெரிய வித்தை இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஹைப்போ, ஹைப்பர் இரண்டும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். ‘ஹைப்போகிளைசீமியா’ (இரத்தத்தில் சர்க்கரை குறைவு) என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள், ‘சுகர் 52’ என்று எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். 70க்குக் கீழே போனாலே அது ஹைப்போ. வேர்த்து ஊற்றும், கை நடுங்கும், பசி எடுக்கும், சிலர் சம்பந்தமில்லாமல் கோபப்படுவார்கள். விழித்திருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அவருக்கு நரம்பு வழியாகத்தான்.

இப்போது வைட்டல் சைன்ஸ். டெம்பரேச்சர், பல்ஸ், சுவாசம், பிபி, கூடவே ஆக்ஸிஜன் அளவு. பெரியவர்களுக்குப் பல்ஸ் 60–100, சுவாசம் 12–20, பிபி 120/80ஐ ஒட்டி, ஆக்ஸிஜன் 95க்கு மேல், காய்ச்சல் என்றால் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல். இந்த எண்களை நாளைக்கே மனப்பாடம் செய்துவிடுவீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று.

முதல் வருடத்தில், ஒரு மருத்துவமனையில் காலை போஸ்டிங். பதினாறு கட்டிலுக்கு பிபி பார்க்க வேண்டும். ஒன்பதாவது கட்டிலில் ஒரு அம்மாவுக்கு எனக்குச் சத்தமே கேட்கவில்லை. இரண்டு தடவை காற்றடித்துப் பார்த்தேன், அந்த அம்மா ‘கை வலிக்குதும்மா’ என்றார், பின்னால் தோழி அவசரப்படுத்தினாள், நான் 120/80 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து எங்கள் டியூட்டர் வந்து அதே கையில் பார்த்தார், 84/50. அவர் என்னைத் திட்டவில்லை. ‘கேக்கலன்னா கேக்கலன்னு வந்து சொல்லு’ என்றார், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு உள்ளே இரத்தக்கசிவு இருந்தது பிறகு தெரிந்தது. காதில் சத்தம் கேட்காமல் போனதே ஒரு சேதி, நான் அதை அழித்துவிட்டு ஒரு அழகான எண்ணை எழுதியிருந்தேன்.

அந்தச் சத்தத்துக்குப் பெயர் கோரட்காஃப் சவுண்ட், 1905ல் அதை விவரித்த ரஷ்ய அறுவைச் சிகிச்சை டாக்டரின் பெயர். கஃபை (கையில் சுற்றும் பட்டையை) இறுக்கிவிட்டு மெதுவாகத் தளர்த்தும்போது முதல் ‘டக்’ கேட்கும் இடம் சிஸ்டாலிக் (மேல் எண்), சத்தம் மறையும் இடம் டயஸ்டாலிக் (கீழ் எண்). கஃப் சின்னதாக இருந்தால் பிபி இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் அப்படித்தான். மாடி ஏறி வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார விடுங்கள், பார்க்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பல்ஸைக் கட்டைவிரலால் பார்க்கக்கூடாது, உங்கள் சொந்தத் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். ஒழுங்கில்லாமல் அடித்தால் முழு நிமிடம் எண்ணுங்கள். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நெயில் பாலிஷிலும் ஜில்லிட்ட விரலிலும் பொய் சொல்லும்.

சுவாசத்தை எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள். நிறைய கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் சுவாசம் 20 என்று இருக்கும், எண்ணாமலே எழுதியது. உடம்பு மோசமாகப் போகிறது என்றால் பெரும்பாலும் முதலில் ஏறுவது இந்த எண்தான், யாரும் எண்ணாததும் இந்த எண்ணைத்தான் என்பதை என்ன சொல்வது.

இங்கே பேஸ்லைன் என்ற கருத்து வருகிறது. அந்த மனிதருக்கு வழக்கமாக எவ்வளவு என்பதுதான் பேஸ்லைன். பல வருடமாக 160ல் இருக்கும் தாத்தாவுக்கு இன்று 110 என்றால் புத்தகப்படி அது நார்மல், அவருக்கு அது நார்மல் இல்லை. ஒரே ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதியடையாமல் காலையில் என்ன, மத்தியானம் என்ன, இப்போது என்ன என்று சார்ட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள்.

நினைவுக்கும் ஓர் எண் உண்டு, கிளாஸ்கோ கோமா ஸ்கேல். 1974ல் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரண்டு டாக்டர்கள் கொடுத்தது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. குறைந்தபட்சம் 3, பூஜ்ஜியம் கிடையாது. 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் மூச்சுப்பாதையைக் காப்பாற்றும் யோசனை உடனே வர வேண்டும். மொத்தத்தை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள், எது இறங்கியது என்று அடுத்த ஷிஃப்டுக்குத் தெரிய வேண்டும்.

நர்சிங் பிராசஸ் என்ற அத்தியாயம் எல்லோரையும் தூங்க வைக்கும். அசெஸ்மென்ட், டயக்னோசிஸ், பிளானிங், இம்ப்ளிமென்டேஷன், எவால்யுவேஷன் என்று ஐந்து கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்திருப்பார்கள். ஒரு பாட்டியை வைத்துப் பார்ப்போம். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். டாக்டரின் டயக்னோசிஸ் எலும்பு முறிவு, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. நம் டயக்னோசிஸ் வேறு: அசைய முடியாததால் தோல் புண்ணாகும் அபாயம். நோய் டாக்டருடையது, நோயால் அந்த மனிதருக்கு என்ன ஆகிறது என்பது நம்முடையது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதி நாலு கட்டமும் தானாக வரும். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது என்று திட்டம் போடுகிறோம், திருப்புகிறோம், திருப்பிய நேரத்தை எழுதுகிறோம், மறுநாள் தோலைப் பார்த்துத் திட்டம் பலித்ததா என்று முடிவு செய்கிறோம்.

படுக்கைப் புண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், இதில் புத்தகம் நம்மை ஏமாற்றும். முதல் நிலை என்றால் விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று எழுதியிருக்கும். வெள்ளைத் தோலுக்கு அது சரி. நம் ஊர் மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கொஞ்சம் கருநீலமாக, இல்லை சூடாக, இல்லை கல் மாதிரி கெட்டியாக இருக்கும், சிலருக்கு வலிக்கும். ஆகவே கண்ணை நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பு, முழங்கை, பின்மண்டை, எலும்பு துருத்தும் இடமெல்லாம். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், பாசத்தில் சொந்தக்காரர்கள் எண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள், உள்ளே ஏற்கெனவே நைந்த சதை இன்னும் நையும். வளையம் போல நடுவில் ஓட்டை உள்ள தலையணையையும் வைக்கக்கூடாது, ஓட்டையைச் சுற்றி அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் குறைகிறது. ஆல்ஃபா பெட் (காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை) போட்டிருக்கிறதே என்று திருப்பாமலும் விடக்கூடாது.

மருந்துக்கு வருவோம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம், இந்த ஐந்து ‘ரைட்’டும் எல்லாக் காலேஜ் சுவரிலும் தொங்கும். அதில் முதலாவதே சறுக்கும் இடம். ‘நீங்க லட்சுமிதானே?’ என்று கேட்டால் காது மந்தமான பாட்டியும் தலையாட்டுவார், அரைத் தூக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுவார். ‘உங்க பேர் என்னம்மா?’ என்று கேளுங்கள், அப்புறம் ஐபி (உள்நோயாளி) நம்பரைப் பாருங்கள். ஒரு வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது நம் ஊரில் அதிசயமே இல்லை.

சுருக்கெழுத்துகள்: ஓடி என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை, பிடி இரண்டு, டிடிஎஸ் மூன்று, கியூஐடி நாலு. ஹெச்எஸ் படுக்கப் போகும்போது, எஸ்ஓஎஸ் தேவைப்பட்டால், ஸ்டாட் இந்த நிமிடமே. கண் வார்டில் ஓடி என்றால் வலது கண் என்றும் எழுதுவார்கள், சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்களோ என்று பயந்த பிள்ளைகள்தான் தப்பு செய்கிறார்கள். அளவு எழுதும்போது புள்ளிக்கு முன்னால் பூஜ்ஜியம் கட்டாயம், 0.5 என்று எழுதுங்கள். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளி பூஜ்ஜியம் வேண்டாம், 1.0ல் புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். பொட்டாசியம் குளோரைடை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சிரிஞ்சில் எடுத்து நேராக நரம்பில் ஏற்றாதீர்கள், இதயம் நின்றுவிடும். நீர்க்க வைத்து, மெதுவாகத்தான்.

இன்சுலினில் நம் நாட்டில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே கிடைக்கும் வயல் எனும் மருந்துக் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை, 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். வயலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிட்ட பிறகுதான் ஊசியைக் குத்த வேண்டும்.

டிரிப்ஸ் கணக்கு வந்தால் எல்லோருக்கும் வயிறு கலங்கும், ஆனால் கடைக் கணக்கைவிட எளிது. டிரிப்ஸ் செட்டின் (குழாயின்) கவரில் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று போட்டிருக்கும், பெரியவர்களுக்கான சாதாரண செட்டில் பெரும்பாலும் 20. 500 மி.லி. பாட்டில் நாலு மணி நேரத்தில் முடிய வேண்டும் என்றால் மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம், வகுத்தால் நிமிடத்துக்கு 42. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு, அதில் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, வகுக்கவே வேண்டாம். ஊசி போட்ட கை வீங்கி ஜில்லென்று இருந்தால் மருந்து நரம்பைவிட்டு வெளியே போகிறது, அது இன்ஃபில்ட்ரேஷன். சிவந்து சூடாக, நரம்பு கயிறு மாதிரி தடித்து வலித்தால் ஃப்ளெபைட்டிஸ். இரண்டிலும் கழற்றிவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். இடையில் ‘ஒரு குளுக்கோஸ் ஏத்தினா தெம்பாயிடும் சிஸ்டர்’ என்று ஒருவர் கட்டாயம் வருவார். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. சாப்பிட முடிகிறவருக்கு இட்லியே மேல்.

ஏறுவதையும் இறங்குவதையும் எழுதுவது இன்டேக் அவுட்புட் சார்ட். பெரியவர்களுக்குச் சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி. குறைந்தபட்சம், 60 கிலோ என்றால் மணிக்கு 30 மி.லி. அதற்குக் கீழே தொடர்ந்து போனால் சொல்லியாக வேண்டும். ‘எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?’ என்றால் ‘ரெண்டு டம்ளர்’ என்பார்கள். எந்த டம்ளர்? அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரை வாங்கி ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

கை கழுவுவதைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதை எல்லோரும் சொல்வார்கள். 1847ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை முடித்துவிட்டுப் பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார், பிரசவமான பெண்களின் சாவு மளமளவென்று குறைந்தது. சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) என்றால் 20 முதல் 30. சுத்தம் வேறு, ஸ்டெரைல் (கிருமியே இல்லாத நிலை) வேறு. கழுவிய கை சுத்தம், ஸ்டெரைல் ஆகவே ஆகாது, அதனால்தான் கையுறை. ஸ்டெரைல் பொருள் ஸ்டெரைல் இல்லாததைத் தொட்டால் அந்த நொடியே அது ஸ்டெரைல் இல்லை, யாரும் பார்க்காவிட்டாலும். குப்பையில் இரத்தம் பட்ட பஞ்சும் கட்டும் மஞ்சள் பையில், டியூபும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்பில், ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடவே போடாதீர்கள். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள், எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

இதுவரை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனோம். திரும்பி வருவதும் நம் வேலைதான், அதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். கேஸ் ஷீட்டில் என்பிஓ, வாய் வழியாக எதுவும் கூடாது. மாணவி போய் ‘நாளைக்குக் காலைல எதுவும் சாப்பிடாதீங்க’ என்று சொல்லிவிட்டு வருகிறார். காலையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கேட்டால், ‘எதுவுமே சாப்பிடல சிஸ்டர், ஒரே ஒரு காபி மட்டும்தான் குடிச்சேன்.’ அவர் பொய் சொல்லவில்லை. தமிழில் காபி குடிப்பது, சாப்பிடுவது ஆகாது. பால் கலந்த காபி வயிற்றில் திட உணவு மாதிரிதான், ஆறு மணி நேரம் வேண்டும், இல்லாவிட்டால் அனஸ்தீசியா கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். ஆபரேஷன் தள்ளிப்போகும். ‘இட்லி, காபி, டீ, பால் எதுவும் கூடாது, தண்ணி இத்தனை மணியோட நிறுத்திடணும்’ என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள், சொன்னதை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் மகளிடமும் சொல்லுங்கள்.

சரி, அந்தப் பெரியவர். ‘நெஞ்சு கரிக்குது’ என்றார், ‘வாயுதான், சோடா குடிச்சா சரியாயிடும்’ என்று மகன் சொன்னார். நம் ஊரில் மாரடைப்பு பலமுறை வாயு என்ற பெயரில்தான் உள்ளே நுழைகிறது, சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் வரும். கேட்க வேண்டியவை: எப்போது ஆரம்பித்தது, தோள், தாடை, இடது கை எங்காவது போகிறதா, வேர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா, சுகர் உண்டா. கேட்டுக்கொண்டே கை மணிக்கட்டில் இருக்க வேண்டும்.

டாக்டரிடம் சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு, எஸ்பார் என்பார்கள்: இப்போது என்ன, பின்னணி என்ன, நான் பார்த்தது என்ன, என்ன வேண்டும். ‘ஏழாம் கட்டில் தாத்தாவுக்கு என்னமோ மாதிரி இருக்கு டாக்டர்’ என்று சொன்னால் அவர் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “டாக்டர், ஏழாம் கட்டில், 64 வயசு, இருபது நிமிஷமா ‘நெஞ்சு கரிக்குது’ன்னு சொல்றார், இடது தோளுக்குப் போகுது. சுகர் பேஷண்ட், பத்து வருஷமா மாத்திரை. வேர்த்திருக்கு, பல்ஸ் 108, சுவாசம் 26, பிபி 100/70, காலைல 140 இருந்துச்சு. ஈசிஜி எடுத்துட்டிருக்கோம், நீங்க இப்பவே வரணும்.”

அந்த மேற்கோள் குறிக்குள் இருக்கும் இரண்டு சொல்லை மட்டும் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.